ஆமை எழுந்திருக்கும்வரை

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்று முதலிலேயே சத்தியம் செய்துவிடுகிறேன். நடந்ததைக் கொஞ்சம் குறைத்துத்தான் எழுதியிருக்கிறேன். முழுதாக எழுதினால் நம்ப மாட்டீர்கள்.

“ரெண்டு மீட்டர் தள்ளி நில்லுப்பா. உன் மூச்சுக்காத்து அதுமேல படுது,” என்றார் வனக்காவலர் பிரவுலியோ.

லாரிக்காரன் எலியேசர் பின்வாங்கினான். சாந்தா குரூஸ் தீவின் மேட்டுச் சாலையில், பனித்தூறலுக்கு நடுவே, கட்டில் அகலத்துக்கு ஓர் ஆமை குறுக்கே படுத்திருந்தது. தலை உள்ளே, கால்கள் உள்ளே, ஓடெல்லாம் சேறு. இந்தக் கலாபகஸ் தீவுகளில் ஆமையைத் தொடக் கூடாது, விரட்டக் கூடாது, ஹாரன் அடிக்கக் கூடாது. அதற்கே தோன்றும்போது அது எழுந்து போகும். அதுவரை மனிதர்கள் நிற்க வேண்டியதுதான்.

லாரிக்குப் பின்னால் ஒரு பேருந்தும் மற்ற வண்டிகளும் வளைவு தாண்டி நின்றன. எங்கோ விருந்துக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பெரிய பானை மீன் சூப்பை அங்கேயே கிண்ணம் கிண்ணமாக ஊற்ற ஆரம்பித்துவிட்டார்கள்.

“அண்ணே, பதினோரு மணிக்குச் சதுக்கத்துல சிலை திறப்பு. சிலை என் லாரியில இருக்கு,” என்றான் எலியேசர்.

“இருக்கட்டுமே. சிலைக்கு என்ன அவசரம்?”

“சிலைக்கு இல்லண்ணே, எனக்கு. விழாத் தலைவர் தோன் தியோஃபிலோ. அவர் பொண்ணைத்தான் நான் கட்டிக்கப்போறேன். ‘சிலை நேரத்துக்கு வரலைன்னா நீயும் வராதே’ன்னுட்டார். இந்தப் பனியில திருப்பம் தெரியாம நேரா ரொம்ப தூரம் போயிட்டு, அரண்டு போய் இதே ரோட்டுல திரும்பி வர்றேன். வந்தா இவரு படுத்திருக்காரு.”

“மரியாதையாத்தான் பேசறே. நல்லது,” என்றார் பிரவுலியோ.

அதற்குள் வழிகாட்டி நர்சிசா தன் சுற்றுலாக் கூட்டத்தோடு வந்து சேர்ந்தாள். காலையில் எரிமலைப் பள்ளங்களைக் காட்டுகிறேன் என்று கூட்டிப்போய், வெறும் பனியைக் காட்டிவிட்டு வந்த கடுப்பு அவளுக்கு. ஆமையைக் கண்டதும் குரல் தேனாகிவிட்டது.

“ஆண். வயசு நூத்தி இருபது இருக்கும். கழுத்துச் சுருக்கத்தை வெச்சே சொல்லிடலாம்.”

“கழுத்தே தெரியலையேம்மா,” என்றார் ஒரு பயணி.

“கூச்ச சுபாவம். இப்போ அது யோசிச்சுக்கிட்டிருக்கு.”

“என்னத்த யோசிக்குது?” என்றான் எலியேசர்.

“உன்னைப் பத்தித்தான். அவசரக்காரங்களைக் கண்டா அதுக்கு ஆகாது.”

பயணிகள் எலியேசரை முறைத்தார்கள்.

மணி பத்தரையைத் தாண்டியது. இடது கால் வெளியே வந்தது என்று சூப்புக்காரர் அடித்துச் சொன்னார். வரவில்லை என்றது பேருந்துக் கூட்டம். கை தூக்கச் சொல்லி ஓட்டெடுத்ததில், கால் வரவில்லை என்று முடிவானது.

எலியேசர் முழங்காலில் விழுந்தான், இரண்டு மீட்டருக்கு அப்பால்தான்.

“ஐயா, எனக்கு நாப்பது வயசு நெருங்குது. இந்தப் பொண்ணை விட்டா வேற பொண்ணு கிடைக்காது. உமக்கு இன்னும் நூறு வருஷம் இருக்கு, எனக்கு அரை மணி நேரந்தான் இருக்கு. கொஞ்சம் எந்திரிங்க.”

நர்சிசாவுக்கே மனசு இளகிவிட்டது. “அழாதேப்பா. யார் சிலை அது? மேயரோட தாத்தாவா?”

“இல்லக்கா. ஆமைச் சிலை. சிமென்ட்ல செஞ்சது.”

சூப் உறிஞ்சும் சத்தம் நின்றது. எல்லாரும் சாலை நடுவே பார்த்தார்கள். பிறகு லாரியைப் பார்த்தார்கள்.

எலியேசர் ஓடிப்போய்த் தார்ப்பாயைத் தூக்கினான். அடியில் ஒன்றுமே இல்லை. பின்கதவு திறந்து தொங்கிக்கொண்டிருந்தது.

“போகும்போது விழுந்திருக்கு. வரும்போது குறுக்க கெடக்கு,” என்றார் பிரவுலியோ மெதுவாக. குனிந்து, ஓட்டை விரலால் தட்டிப் பார்த்தார். “சிமென்ட்தான். அப்பவே நெனச்சேன்.”

“கூச்ச சுபாவம்னீங்களே,” என்றார் பயணி.

“அதைச் செஞ்ச சிற்பிக்கு,” என்றாள் நர்சிசா.

பேருந்துக் கூட்டம், பயணிகள், சூப்புக்காரர் என்று ஊரே சேர்ந்து தூக்கி லாரியில் ஏற்றியது. போகிற வழியெல்லாம் அவரவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, சிமென்டைத் தாராளமாகப் போட்டிருக்கிறார்கள் என்று சிற்பியைப் பாராட்டினார்கள். மறுபடி விழுந்துவிடாமல் இருக்க, பிரவுலியோ அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டு வந்தார்.

சதுக்கத்தில் பாண்டு வாத்தியம் முழங்கிக்கொண்டிருந்தது. தாழ்வான மேடையில் ஆமையை இறக்கி, சேற்றைத் துடைத்து, பட்டுத்துணியால் மூடியபோது சரியாக மணி பதினொன்று. தோன் தியோஃபிலோ கண்கலங்க வந்து எலியேசரைக் கட்டிக்கொண்டார்.

“மாப்பிள்ளை, சொன்னா சொன்னபடி வந்துட்டீங்க.”

மேயர் பேச எழுந்தார். ஆமைகளைத் தொடாமல், தொந்தரவு செய்யாமல் காத்து நிற்பதுதான் இந்த மண்ணின் பெருமை என்று அவர் தொடங்கியபோது எலியேசரின் சட்டைப்பையில் போன் அடித்தது. கூப்பிட்டவர் சிற்பி.

“ஏன்டா, காப்பி குடிச்சிட்டு வர்றேன்னவன் அப்படியே வெறும் லாரியை ஓட்டிக்கிட்டுப் போயிட்டியே. சிலை இங்கயே கெடக்கு, எப்ப வந்து எடுக்கப்போறே?”

எலியேசர் நிமிர்ந்து பார்த்தான். மேடையில் பட்டுத்துணி, மேயர் மனைவியின் கையிலிருந்த பூங்கொத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தது.