கோமளாவுக்காக நிற்கும் ரயில்

"நீங்க முன்னாடி நடங்க, ரயில் எனக்காக நிக்கும்" என்றாள் கோமளா, வாயில் கவ்விய ஹேர்பின்னோடு. அன்று மதியம் அலுவலகத்திலேயே மாரடைப்பில் இறந்துபோனாள்.

மெட்ரோவைத் திருமழிசை வரை நீட்டியபோது, தினமும் வருகிறவர்களை ரயிலே அடையாளம் வைத்துக்கொண்டு, தாமதமானால் அரை நிமிடம் காத்திருக்கும்படி செய்திருந்தார்கள். எங்கள் நிலையத்தில் அந்தச் சலுகை தேவைப்பட்டது என் மனைவிக்கு மட்டும்தான். "மகாராணி வந்தாச்சு, வண்டிய எடுங்கப்பா" என்று கீரைக்கூடையோடு வரும் ரெஜினா கத்துவாள். கோமளா சிரித்துக்கொண்டே அவளை இடித்துக்கொண்டு உட்காருவாள்.

அவள் போன பிறகும் ரயில் காத்திருந்தது. திறந்தே கிடக்கும் அந்தக் கதவை என்னால் பார்க்க முடியவில்லை. நிலைய அலுவலகத்தில் சொல்லி, ரயில் காத்திருக்கும் பட்டியலிலிருந்து அவள் பெயரை எடுக்கவைத்தேன்.

மறுநாள் கதவு உடனே மூடத் தொடங்கியது. ரெஜினா சட்டென்று கூடையை இடையில் தள்ளினாள். கதவு மறுபடி திறந்துகொண்டது.

"பேர எடுத்துட்டீங்களா சார்?"

தலையசைத்தேன்.

"எங்கள ஒரு வார்த்த கேக்க வேணாமா?"

பெட்டியில் யாரும் முணுமுணுக்கவில்லை. ரெஜினாவின் கூடை கதவை மறிக்க, எங்கள் நிலையத்திலிருந்து ரயில் இன்றும் அரை நிமிடம் தாமதமாகத்தான் புறப்படுகிறது.