வெள்ளைக் குழாய்

“அப்படி எதுவும் எங்க வலையில சிக்கல சார்.”

அஞ்சலாட்சி வாசலை விட்டு நகராமல் சொன்னாள். சென்னையிலிருந்து ஜீப்பில் வந்திருந்த அதிகாரி ஹரிகிருஷ்ணன் கையிலிருந்த படத்தை மறுபடியும் காட்டினார். இரண்டு ஆள் நீளத்துக்கு ஒரு வெள்ளைக் குழாய், பக்கத்தில் சின்னச் சின்ன இறக்கைகள்.

படத்தை என்ன பார்ப்பது? அதைக் கடலிலிருந்து இழுத்துப் போட்டவனே அவள் புருஷன் சாமிக்கண்ணுதான். சொன்னால் படகு போய்விடும். போன வருஷம் கலியபெருமாள் இப்படித்தான் வலையில் வந்த ஏதோ ஒரு பெட்டியை நல்ல பிள்ளையாகக் கொண்டுபோய் ஒப்படைத்தான். விசாரணை என்று அவன் படகைப் பிடித்துப் போட்டார்கள். வெயிலும் மழையும் தின்ற மிச்சம்தான் திரும்பி வந்தது. சுனாமியில் எல்லாம் போய், நாயாய் அலைந்து வாங்கிய படகு இது. இதைப் பறிகொடுக்க அவளுக்கென்ன பைத்தியமா?

வைத்திக்குப்பமே வாயைத் திறக்கவில்லை. அதிகாரியின் ஆட்கள் வீடு, படகு, வலைக்குவியல் எல்லாவற்றையும் கிளறிவிட்டார்கள். திரௌபதி அம்மன் கோயிலுக்குக்கூடப் போனார்கள். இன்று தீமிதி. காப்புக் கட்டாதவர்கள் நேர்த்திக்கடன் விறகைத் தொடக்கூடாது என்று பூசாரி சொன்னதும், பாவம், கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டார்கள்.

“வீட்டுக்காரர் எங்கம்மா?”

“தீ மிதிக்கிறார் சார். பொண்ணையும் தூக்கிக்கினு கோயிலுக்குப் போய்ட்டார்.”

சங்கவி பிழைத்து எழுந்தால் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு தீ மிதிப்பதாக வேண்டுதல் என்பதையும் சேர்த்துச் சொன்னாள். குழந்தைக்கு இப்போதுதான் உடம்பு தேறியிருந்தது.

ஹரிகிருஷ்ணன் தலையாட்டிக்கொண்டார். அது போர் விமானத்திலிருந்து இன்னொரு விமானத்தைச் சுடும் ஏவுகணை என்றார். எதிரி கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் இருந்தாலும் தானே தேடிப் போய் அடிக்குமாம். சோதனைக்கு விட்டதில் குறி தப்பிக் கடலில் விழுந்துவிட்டதாம். அவ்வளவு கெட்டிக்கார சாமானைத் தொலைத்துவிட்டுக் குப்பம் குப்பமாக அலைகிறார்களே என்று அஞ்சலாட்சிக்கு உள்ளூரச் சிரிப்பு வந்தது.

“நான் படகைப் புடிக்க வரலம்மா,” என்றார் அவர். “அது இன்னும் வெடிக்கல. உள்ள மருந்து அப்படியே இருக்கு. யார்கிட்டயாவது இருந்தா, தண்ணியில கிடந்தாலும் பரவாயில்ல, மணல்ல கிடந்தாலும் பரவாயில்ல. நெருப்பு மட்டும் படக்கூடாது. பட்டா, சுத்தி நிக்கிற ஒருத்தரும் மிஞ்ச மாட்டாங்க.”

கோயில் பக்கம் பம்பையும் உடுக்கையும் முழங்கத் தொடங்கின. தென்னைகளுக்கு மேலே புகை எழுந்தது.

அஞ்சலாட்சி அந்தப் புகையைத் திரும்பிப் பார்த்தாள். போலீஸ்காரன்கூடக் கை வைக்க மாட்டான், இரும்புக்குத் தீயில் என்ன ஆகிவிடும் என்று, அந்த நேர்த்திக்கடன் விறகுக்கு அடியில் குழாயைச் செருகிவைக்கச் சொன்னவளே அவள்தான்.