வாசலில் வேப்பிலை

"வேப்பிலையை வூட்டுக்குள்ளாற கட்டிக்கோ அங்கம்மா. வாசல்ல தொங்கினா வண்டிக்காரன் கண்ணுல படும். தூக்கினு பூடுவான்."

பக்கத்து வீட்டுக் கன்னியம்மா ஐந்தடி தள்ளி நின்றுதான் இதைச் சொன்னாள். சுதந்திரம் வந்து இரண்டாவது கோடை. ராயபுரத்தில் அம்மை போட்டவர்களை ஆஸ்பத்திரிக்கு அள்ளிப்போக கார்ப்பரேஷன் வண்டி சந்து சந்தாக அலைந்துகொண்டிருந்தது. அதில் ஏறிப் போய்த் திரும்பியவர்களைவிட, திரும்பாதவர்களைப் பற்றித்தான் பேச்சு அதிகம்.

"ஆத்தா வந்துகீறான்னு நாலு பேருக்குத் தெரிய வாணாமாக்கா? வாசல்லயே இருக்கட்டும்" என்றாள் அங்கம்மா.

குழந்தையையாவது தன் வீட்டுக்கு அனுப்பச் சொல்லிக் கன்னியம்மா கெஞ்சிப் பார்த்தாள். அதற்கும் அங்கம்மா மசியவில்லை. பயத்தில் இவளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று முணுமுணுத்துக்கொண்டே, கொண்டுவந்த கூழ்ச் சட்டியை வாசற்படி ஓரம் வைத்துவிட்டுப் போனாள். வாய்தான் அப்படி. ஒன்பது நாளாக ஒரு வேளைகூட அந்தக் கூழ் தவறியதில்லை.

போன மாதம் துறைமுகத்தில் ஸ்டிரைக் என்று கூலி நின்றது. இந்த மாதம் வாசலில் வேப்பிலை. பட்ட காலிலே படும் என்று சந்தே உச்சுக் கொட்டியது.

தெருவில் எந்தச் சக்கரம் உருண்டாலும் அங்கம்மா கதவோரம் போய் நின்றாள். மீன் வண்டியா, விறகு வண்டியா, இல்லை அந்த வண்டியேதானா என்று காது கொடுத்துக் கேட்பாள். திரைக்குப் பின்னால் படுத்திருக்கும் புருஷன் தண்டபாணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால்? ஏழு வயது மகள் பச்சையம்மாவை வைத்துக்கொண்டு அவள் யார் வாசலில் போய் நிற்பாள்? மடியில் கனம் இருப்பவளுக்குத்தானே வழியில் பயம்.

அந்தப் பயத்துக்கு நடுவே வெட்கங்கெட்ட ஒரு சந்தோஷமும் இருந்தது. அதை யாரிடமும் வாய்விட்டுச் சொல்ல முடியாது. துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போன நாளிலிருந்து தண்டபாணி பகல் வெளிச்சத்தில் வீடு தங்கியதே கிடையாது. மகள் எழுவதற்கு முன் போவான், தூங்கிய பிறகு வருவான். பொங்கலன்று அவன் தூக்க வந்தபோது, யாரோ என்று நினைத்து அம்மாவின் பின்னால் போய் ஒளிந்த பெண் அது. இப்போது புடவைத் திரைக்குப் பின்னாலிருந்து வெளியே வர மாட்டேன் என்கிறாள். அவன் தணிந்த குரலில் கப்பல் கதை சொல்கிறான். அவள் களுக்கென்று சிரிக்கிறாள். மூன்று பேர் ஒரே சட்டியிலிருந்து கூழ் குடிப்பது இந்த ஒன்பது நாளில்தான் நடந்தது.

அடுப்படியில் அங்கம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆத்தா, உன் பேரால் கிடைத்த நாள் இது, ஆயுசுக்கும் உனக்குக் கூழ் ஊற்றுகிறேன் என்று மனசுக்குள் கும்பிட்டாள்.

வாசல் கதவில் லத்தி தட்டியது. உள்ளே சிரிப்பு சட்டென்று நின்றது.

கான்ஸ்டபிள் ராமதாஸ் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் சந்து முனையில் வண்டி நிற்கிறதா என்றுதான் அங்கம்மா முதலில் பார்த்தாள். இல்லை. ராமதாஸ் வேப்பிலையைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டு இரண்டடி பின்வாங்கினார். எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டார். இன்றோடு ஒன்பது என்றாள்.

"தண்ணி எப்போ ஊத்தப் போறே?"

தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டால் அம்மை இறங்கியது என்று கணக்கு. வேப்பிலையையும் அவிழ்த்துவிட வேண்டும். ஆத்தா இன்னும் உத்தரவு கொடுக்கவில்லை என்று அங்கம்மா தரையைப் பார்த்துச் சொன்னாள்.

சரி என்று அவர் திரும்பப் போன நேரம் பார்த்துப் பச்சையம்மா திரையைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தாள். ஒரு பக்கம் முடி அவிழ்ந்து கிடந்தது. மறுபக்கம் கோணல்மாணலாக ஒரு பின்னல், அதன் நுனியில் மூட்டை தைக்கிற சணல். அங்கம்மா அவளை வெடுக்கென்று இழுத்து முந்தானைக்குள் மறைத்தாள்.

ராமதாஸ் நின்றார். குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்வாங்கிய மனுஷர் இப்போது விறுவிறுவென்று படியேறி வந்தார். முட்டி போட்டு உட்கார்ந்து, குழந்தையைத் தன் பக்கம் இழுத்து, சணலை அவிழ்த்தார். பின்னலைப் பிரித்து முடியை விரலால் நன்றாகக் கலைத்துவிட்டார்.

"ஆத்தா வந்த வூட்ல யாரும் தலை வார மாட்டாங்கம்மா" என்றார் மெதுவாக. "அதுவும் இது ஆம்பளை பின்னின பின்னலு. பொஞ்சாதி போனப்புறம் எம் பொண்ணுக்கு நானும் இப்படித்தான் பின்னிவுட்டுகினு கீறேன்."

ராமதாஸ் சணலைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். திரையைப் பார்த்தபடியே சொன்னார்:

"நாளைக்கு இன்ஸ்பெக்டரு வர்றாரு. உள்ளாற கீறவருக்கு அம்மையும் இல்ல ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சா, அவருதான் தூக்கினு பூடுவாரு. ஸ்டிரைக் வாரண்டு ரத்தாவற வரைக்கும் உன் வூட்டுக்காரரை சீப்பைத் தொட வாணாம்னு சொல்லு."