பெரட்டில் சொன்ன சேதி

தேயிலைத் தோட்டத்துக் காலைப் பெரட்டில் கங்காணி வேலையாட்களின் பேர் கூப்பிட்டு முடித்ததும், வேலையிலிருந்து நின்றுவிட்ட முத்துலிங்கம் எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றார்.

"எனக்குப் புரஸ்டேட் புற்றுநோய். ஆம்பளைக்கு மட்டும் வர்ற நோய். சிரிக்கிறவங்க சிரிங்க."

சிலர் சிரிக்கவும் செய்தார்கள்.

"கட்டி வளராம அடக்கி வைக்கிற மரபணு ஒண்ணு ஒடம்புல இருக்காம். எனக்கு அது பொறப்புலயே பழுதாம். பெத்த புள்ளைக்கும் போயிருக்கலாமாம். முந்தியே ரத்தம் சோதிச்சுப் பாத்தா உசிரக் காப்பாத்தலாம்னு டொக்டர் சொன்னாரு."

"கல்யாணமே கட்டாத மனுசன் நீங்க! ஒங்களுக்கு ஏது மாமா புள்ள?" என்று கத்தினான் விஜிதரன். பெரட்டே குலுங்கிச் சிரித்தது.

பாவம், முத்துலிங்கம் யாரையும் பார்க்கவில்லை. "சொல்ல வேண்டியதச் சொல்லிட்டேன்" என்று திரும்பி நடந்தார்.

"நில்லுங்க!"

கூட்டத்திலிருந்து விஜிதரனின் தாய் தெய்வானை வந்தாள். புருசன் இருந்தபோதும் செத்த பிறகும் ஊர் வாய்க்குப் பயந்தே வாழ்ந்தவள். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு மகனைப் பார்த்தாள்.

"நாளைக்கு இவரோட ஆஸ்பத்திரிக்குப் போய் ஒன் ரத்தத்தையும் சோதிக்கக் குடுடா."

பிறகு சனத்தின் பக்கம் நிமிர்ந்து நின்றாள்.

"இப்பச் சிரிங்க பாப்போம்."