அக்கா சொல்லாத பதில்

மொழிபெயர்ப்பாளர் பொய் சொல்கிறாள் என்பது முதல் கேள்வியிலேயே உதவியாளருக்குத் தெரிந்துவிட்டது.

மேஜைக்கு அந்தப் பக்கம் தையல்கார அக்கா. எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஊர்வலத்துக்குக் கொடி தைத்துக் கொடுத்துவிட்டு, ஐந்து மாதம் காவலில் கிடந்தவள். இந்தப் பக்கம் மதிப்பீட்டுக் குழுத் தலைவர். இவளைப் போல வெளியே வந்தவர்களுக்கு வக்கீல், மருத்துவர், பிழைக்க ஒரு வழி என்று நான்கு வருஷமாக வெளிநாட்டு உதவி வந்துகொண்டிருந்தது. அது தொடரலாமா, நிறுத்திவிடலாமா என்று எழுதிக்கொடுக்க வந்தவர் அவர்.

அவருக்குத் தமிழ் தெரியாது. அக்காவுக்கு ஆங்கிலம் தெரியாது. நடுவில் மொழிபெயர்ப்பாளர். உதவி வழங்கும் உள்ளூர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவள்.

தலைவரோடு வந்த உதவியாளருக்கு இரண்டும் தெரியும். அம்மாவிடம் கற்ற வீட்டுத் தமிழ்.

"உனக்குத் தெரியும்னு காட்டிக்காதே. மொழிபெயர்ப்பு சரியா இருக்கான்னு கவனி," என்று வரும் வழியிலேயே சொல்லியிருந்தார் தலைவர்.

ஆரம்பிக்கும் முன் மொழிபெயர்ப்பாளர் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டாள். "சார், இதுவரைக்கும் அஞ்சு குழு வந்து இவங்ககிட்ட இதையேதான் கேட்டிருக்கு. அந்த அறிக்கைகளைப் பார்த்துக்கக் கூடாதா?"

"எங்க மதிப்பீடு தனி. நேரடி வாக்குமூலம் வேணும்." ரெக்கார்டரை அழுத்தினார். "பிடிச்சுட்டுப் போன அன்னைக்கு என்ன நடந்தது? முதல்ல இருந்து சொல்லச் சொல்லுங்க."

மொழிபெயர்ப்பாளர் அக்காவிடம் திரும்பினாள். "பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுச்சாக்கா?"

உதவியாளரின் பேனா நின்றது.

"விட்டுருச்சு. வாய்க்குத்தான் ஒண்ணும் பிடிக்கலை. ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு மூஞ்சியைத் திருப்பிக்குறா," என்றாள் அக்கா.

மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். "அப்பதான் தலைக்குக் குளிச்சுட்டு வந்தேன். துவட்டக்கூட விடலை. செருப்பு போட விடலை. ஈரத் தலையோட வண்டியில ஏத்தினாங்க."

தலைவர் வேகமாக எழுதினார். "அங்க எப்படி நடத்தினாங்க?"

"யார்கிட்டக்கா விட்டுட்டு வந்தீங்க?"

"பக்கத்து வீட்லதான். சீக்கிரம் போகணும்."

"மூணு நாள் உட்கார விடலை. விளக்கை அணைக்கவே இல்லை. தூங்கி விழுந்தா தண்ணியை ஊத்துவாங்க. நாலாவது நாள்..." மொழிபெயர்ப்பாளர் ரெக்கார்டரை ஒருதரம் பார்த்தாள். பிறகு நாலாவது நாளையும் சொன்னாள். குரல் மட்டும் தட்டையாக இருந்தது, யாரோ எழுதிக் கொடுத்ததைப் படிப்பது போல.

உதவியாளருக்குக் காது சூடேறியது. என்ன நெஞ்சழுத்தம். உதவி நின்றுவிடக் கூடாது என்பதற்காக, அடுத்தவள் பட்ட பாட்டை இஷ்டத்துக்கு ஜோடித்துச் சொல்கிறாள்.

ஒரு சீட்டில் நாலு வரி எழுதித் தலைவர் பக்கம் தள்ளினாள்.

அவர் படித்தார். ரெக்கார்டரை நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"இவளுக்குத் தமிழ் தெரியும்."

மொழிபெயர்ப்பாளரின் முகத்தில் ரத்தமே இல்லை.

"நீங்க சொன்னதுல ஒரு வார்த்தைகூட இந்தம்மா சொல்லலையாமே?"

"ஆமா சார்."

"நாலு வருஷமா எங்களுக்கு வந்த வாக்குமூலம் எல்லாமே இப்படித்தானா? இது ஒண்ணு போதும், உங்க அலுவலகத்தையே மூட."

"அலுவலகத்துல யாருக்கும் தெரியாது. நானா பண்ணினேன். போன குழுகிட்ட சொல்லிட்டுப் போனதும் அக்கா பதினஞ்சு நாள் மிஷின்ல உட்காரலை. குழந்தைக்குப் பக்கத்து வீட்டுக்காரங்கதான் சோறு போட்டாங்க."

"அதுக்குக் கதை கட்டுவீங்களா?"

அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

அக்கா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். "என்னம்மா ஆச்சு? நான் எதுவும் தப்பா சொல்லிட்டேனா?"

"நீங்க ஒண்ணும் பண்ணலை," என்று உதவியாளர் தமிழில் சொன்னதும் அக்கா திடுக்கிட்டாள். "நீங்க சொன்னதா இவங்க இல்லாததை எல்லாம் சொல்லியிருக்காங்க."

"என்ன சொன்னா?"

உதவியாளர் சொன்னாள். ஈரத் தலை. விளக்கு. தண்ணீர். நாலாவது நாள் என்று ஆரம்பித்து, அதை அம்மாவின் மொழியில் சொல்ல வராமல், பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள்.

அக்காவின் நெற்றி சுருங்கியது. "என்னைக் கடையில வச்சுல்ல பிடிச்சாங்க. கழுத்துல இஞ்ச் டேப்போட, செருப்பு போட்டுக்கிட்டுத்தான் போனேன்."

"பார்த்தீங்களா சார்," என்றாள் உதவியாளர் ஆங்கிலத்தில். "இவங்களே இல்லைங்கறாங்க."

அக்கா அதைக் கவனிக்கவில்லை. எழுந்து மேஜையைச் சுற்றி வந்து, மொழிபெயர்ப்பாளரின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். அதுவரை தட்டையாக இருந்த குரல் அங்கேதான் உடைந்தது.

"என்ன சொல்றாங்க?" என்றார் தலைவர்.

அக்கா உதவியாளரை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஈரத் தலையோட இழுத்துட்டு வந்தது இவளைத்தாம்மா. எனக்கு அடுத்த அறை. எனக்குச் சத்தம் மட்டும்தான் கேட்கும். உள்ள என்னடி பண்ணாங்கன்னு எட்டு வருஷமா கேட்கறேன், எங்கிட்டகூட இவ வாயைத் திறந்ததில்லை."