மேகம் தாண்டும் வரை

"பிரம்படி படாம உருப்பட்ட மனுஷன் இந்தப் பூலோகத்திலேயே கெடையாதும்மா! எங்கப்பா போட்ட போட்டிலேதான் நான் இன்னிக்கு சூப்பரின்டெண்டெண்ட்!"

நர்சரியின் காரியதரிசி வைத்தியநாதனின் வலது கையில், வீட்டிலிருந்தே கொண்டுவந்த பிரம்பு. இடது கை கோட்டுப் பைக்குள். தை மாதக் குளிர் அப்படி.

கல்கத்தா பெஹாலாவில் இருந்த அந்தத் தமிழ் நர்சரிக்கு அவர் மதியமே வந்துவிட்டார். உள்ளறையில் குழந்தைகளும் அவர்கள் 'தீதி' என்று கூப்பிடும் டீச்சர் தமயந்தியும் கண்ணயர்ந்திருந்ததால், விழிக்கும்வரை வகுப்பில் பொறுமையாக உட்கார்ந்திருந்தார். விழித்ததும்தான் பொறுமை போயிற்று.

விடிந்தால் வங்காளத்துச் சரஸ்வதி பூஜை. சாமிக்கு வைத்திருந்த இலந்தைப் பழத்தில் பாதியைக் காணோம். பூஜைக்கு முன்னால் இலந்தை தின்றால் பரீட்சையில் பெயில் என்பது கல்கத்தாவில் தொட்டில் குழந்தைக்கும் தெரியும்.

"அடிக்க வேண்டாம் சார்" என்றாள் தமயந்தி. "இங்கே தப்புப் பண்ணினவா தானாவே அந்த ஜன்னலோர பெஞ்சிலே போய் உக்காந்துப்பா. ஒரு மேகம் தென்னை மரத்தைத் தாண்டினதும் எழுந்து வரலாம்."

"மேகமா? தண்டனையா இது, வேடிக்கையா? அஞ்சு நிமிஷம் தரேன். திருடன் வரலேன்னா நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம்!"

ஜன்னல் வெயில் தரையில் சோம்பலாகப் படுத்திருந்தது. சாக்பீஸ் தூள் பொன்னாக மிதந்தது. டிராம் மணி எங்கோ தூக்கத்தில் உளறிற்று. பதினெட்டுக் குழந்தைகளில் ஒன்றுகூட அசையவில்லை. தமயந்தி கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

அப்போது காமு எழுந்தாள். ஐந்து வயசு. விறுவிறுவென்று போய் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"பாத்தியா! இந்த வாண்டுதான்!"

"நான் திங்கலை மாமா. யாராவது உக்காந்தாத்தானே தீதியை இங்கே இருக்க விடுவேள்?"

வைத்தியநாதன் பிரம்பை மேஜைக்கடியில் போட்டார்.

"நீ எழுந்துபோ கொழந்தே" என்று முனகியபடி அந்தக் குட்டி பெஞ்சில், முழங்கால் முகவாயில் இடிக்க, உட்கார்ந்தார். இடது கையை மெல்ல வெளியே எடுத்து, ஈரம் காயாத இலந்தைக் கொட்டைகளை ஜன்னல் கட்டையில் ஒவ்வொன்றாக வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தார்.

வானத்தில் மருந்துக்கும் ஒரு மேகம் இல்லை.