முன் சக்கரத்தில் கை வைத்தவன்

"இன்னைக்கு நம்ம சிவப்பு வண்டி அந்தக் கறுப்பு வண்டிகிட்ட தோத்துச்சுன்னா, நாளைக்கு நீ பட்டறைப் பக்கம் வர வேண்டாம்" என்று முதலாளி சொல்லிவிட்டார்.

ரேஸ் ட்ராக்கில் இரண்டு காரையும் ஒரே ஓட்டுநர் ஐந்தைந்து சுற்று ஓட்டி, எது வேகம் என்று பார்ப்பதாக ஏற்பாடு. காலையிலிருந்தே கறுப்பு வண்டி மெக்கானிக் மேல் எனக்கு ஒரு கண்.

டீ குடித்துவிட்டுத் திரும்பினால், என் வண்டியின் முன் சக்கரத்தருகே அவன் ஸ்பேனரோடு குந்தியிருந்தான். சட்டையைப் பிடித்துவிட்டேன்.

"யோவ், என் வண்டியில உனக்கு என்னய்யா வேலை?"

"நட்டெல்லாம் லூசா இருந்துச்சு. முறுக்கினேன்."

"யாரு காதுல பூ சுத்துற? நாங்க தோத்தா உனக்குத்தானே லாபம்?"

"லாபம்தான். ஆனா முதல் வளைவுலயே சக்கரம் கழண்டிருக்கும்."

"கழண்டா உனக்கென்ன?"

அதற்குள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே ஓட்டுநர் வந்துவிட்டாள்.

"அப்பா, முதல்ல சிவப்பை எடுக்கட்டுமா?" என்று அவனிடம் கேட்டாள்.

என் பிடி தளர்ந்தது. அவர் கையிலிருந்த ஸ்பேனரை வாங்கிக்கொண்டு மற்ற சக்கரங்களருகே உட்கார்ந்தேன். காலையில் அவரை நோட்டம் விடும் மும்முரத்தில் எந்தெந்த நட்டைக் கையால் மட்டும் திருகிவிட்டுப் போனேன் என்று எனக்கே நினைவில்லை.